ஓய்வுக்கு முன்பே தச்சு வேலை: வேலூர்ப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரிட்டையர் ஆன பிறகு மரவேலை பழகலாம் என்று வைத்திருப்பவர்கள் அந்தப் ‘பிறகை’ விட்டுவிடுங்கள். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓய்வு வயது 60. அந்தக் கணக்கில் 57 அல்லது 58 வயதில் உளியைக் கையில் எடுத்தால், சம்பளம் வரும் காலத்திலேயே கருவிகள் சேர்ந்துவிடும், கையும் பழகிவிடும். ஓய்வூதியப் பணம் மொத்தமாகக் கைக்கு வந்த மாதத்தில் கடைக்குப் போகிறவர், தேவையில்லாத இயந்திரங்களோடுதான் வீடு திரும்புவார். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு, குடியாத்தம் வட்டாரத்தில் நான் விசாரித்தும் அலைந்தும் சேர்த்த விவரங்களைக் கீழே கொடுத்திருக்கிறேன். விலைகள் எல்லாம் தோராயமானவை; கடைக்குக் கடை மாறும்.

1. முதலில் பணக் கணக்கு

முதல் ஆண்டுக்கு மொத்தம் 39,000 ரூபாய் போதும். கைக்கருவிகளுக்கு 12,000, வேலை மேசைக்கு 7,000, பழகுவதற்கான மரத்துக்கு மாதம் 1,000 வீதம் 12,000, கற்றுக்கொடுப்பவருக்கு 8,000 என்று பிரித்துக்கொள்ளுங்கள். இதில் மின் கருவி எதுவும் இல்லை. அது இரண்டாம் ஆண்டுக்கு.

கருவிக்குக் கணக்குப் பார்க்காமல் செலவு செய்துவிட்டு மரத்துக்கு விரலை மடக்குகிறவர்கள் அதிகம். முதல் ஆண்டில் நீங்கள் வாங்கும் மரத்தில் பாதி அடுப்புக்குத்தான் போகும். அதை இப்போதே செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள்.

2. காகிதங்கள்

பொழுதுபோக்காகச் செய்ய எந்த உரிமமும் தேவையில்லை. ஆனால் மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, பணியில் இருக்கும்போது விற்பது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973, முன் அனுமதி இல்லாமல் தனியாக வியாபாரம் செய்வதைத் தடுக்கின்றன. வங்கி, காப்பீட்டு நிறுவனம், தனியார் ஆலை என்று எங்கே வேலை பார்த்தாலும் அந்தந்த இடத்துக்கு ஒரு விதிப் புத்தகம் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு முக்காலி கேட்டு ஆயிரம் ரூபாயை நீட்டினால், ஓய்வு பெறும் நாள்வரை வாங்காதீர்கள்.

இரண்டு, அரசுத் திட்டங்கள். “பிஎம் விஸ்வகர்மாவில் கருவிக்கு 15,000 ரூபாய் தருகிறார்கள், நான் எழுதிக் கொடுக்கிறேன்” என்று யாராவது வருவார்கள். அந்தத் திட்டம் பிழைப்புக்காகத் தொழில் செய்யும் கைவினைஞர்களுக்கு உரியது. அரசு ஊழியரும் அவர் குடும்பத்தாரும் அதில் சேர முடியாது. மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டமும் தொழில் செய்கிறவர்களுக்கானதுதான். உங்கள் ஆதாரைக் கொடுத்து இடைத்தரகர் கையில் சிக்க வேண்டாம்.

மூன்று, மர பில். ஒரு பலகை வாங்கினாலும் பில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். நம் பக்கம் ஜவ்வாது மலைச் சந்தனமும், எல்லை தாண்டினால் சித்தூர்ப் பக்கத்துச் செம்மரமும் இருக்கின்றன. கைப்பிடி செய்ய, பொம்மை கடைய என்று சிறு துண்டு மலிவாகக் கிடைக்கிறது என யாராவது சொன்னால், விலையைக் கூடக் கேட்காதீர்கள். பில் இல்லாத சந்தனம், செம்மரம் எதையும் வீட்டுக்குள் விடக் கூடாது. வனத்துறை வழக்கு வந்தால் ஓய்வூதியக் கோப்பும் அதோடு சேர்ந்து நிற்கும். ஈட்டி மரத்துக்கும் இதே எச்சரிக்கை. சொந்த நிலத்துத் தேக்கை வெட்டி வண்டியில் ஏற்றுவதானாலும் முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.

3. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்

கண்ணாடி விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். படிக்கிற கண்ணாடி ஒன்றரை அடி தூரத்துக்கு ஏற்றது. மேசையில் குனிந்து ரம்பம் பிடிக்கும் தூரம் அதைவிடக் கூடுதல். கண் மருத்துவரிடம் டேப்பால் அளந்த தூரத்தைச் சொல்லி அதற்கென்று ஒரு கண்ணாடி வாங்குங்கள். இரட்டை லென்ஸ் கண்ணாடியில் கோடு வளைந்தது போலத் தெரியும். பிறகு ரம்பத்தைத் திட்டுவதில் பயன் இல்லை.

டெட்டனஸ் ஊசி பத்தாண்டுக்கு ஒரு முறை போட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. துணியைக் கட்டிக்கொண்டால் போதாது, என்95 முகக்கவசம் வேண்டும்.

4. இடமும் மேசையும்

மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டால் மே மாதத்தில் உள்ளே நிற்க முடியாது. வேலூரில் அக்னி நட்சத்திரத்தின்போது 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். தரைத்தளத்தில் கார் நிறுத்தும் இடம், பின்கட்டுத் தாழ்வாரம், படிக்கட்டுக்கு அடியிலுள்ள இடம், இவற்றில் எது கிடைத்தாலும் எட்டடிக்கு ஆறடி போதும். வாடகை வீடானால் சொந்தக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகு சுத்தியல் சத்தம் வேண்டாம். பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காயும் நேரத்தில் உப்புத்தாள் தேய்க்காதீர்கள். இந்த ஒன்றினாலேயே தெருவில் சண்டை வரும்.

மேசைக்குப் புது மரம் தேடாதீர்கள். பழைய வீடுகளை இடித்த மரத்தை விற்கும் கடைகளில் கனமான பழைய கதவு ஒன்றை வாங்கி, நான்கு தடித்த கால்கள் வைத்துச் சுவரோடு இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் உள்ளங்கை எந்த உயரத்தில் வருகிறதோ அதுவே மேசையின் உயரம். மரம் பிடிக்கும் வைஸ் ஒன்று 2,000 முதல் 3,500 ரூபாய்வரை ஆகும். அதைக் கட்டாயம் பொருத்துங்கள்.

வெளிச்சத்துக்குத் தனி விளக்கு, 16 ஆம்பியர் பிளக் ஒன்று, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் டிரிப்பர், இவற்றை எலெக்ட்ரீஷியனை வைத்து ஒரே நாளில் முடித்துவிடுங்கள். மின் கட்டணம் ஏறிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. 1,400 வாட் ரம்பம் ஒரு மணி நேரம் ஓடினாலும் 1.4 யூனிட்தான்.

5. மேஸ்திரியைத் தேடுங்கள்

வீடியோ பார்த்துப் பழகலாம்தான். ஆனால் இழைப்புளியின் மேல் எவ்வளவு பாரம் கொடுப்பது, எந்தக் காலை முன்னே வைப்பது என்பதெல்லாம் பக்கத்தில் ஒருவர் நின்று தோளைத் தொட்டுத் திருத்தினால்தான் வரும். முறையான பயிற்சி வேண்டுமானால் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்கே மரவேலைப் பயிற்சி மையமும் உண்டு. காட்பாடியிலிருந்து ரயில்களுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே பயிற்சி பெரும்பாலும் இயந்திரங்களைச் சார்ந்தது. முதல் ஆண்டுக்கு உள்ளூர் மேஸ்திரிதான் சரி.

எப்போது போவது என்பதில்தான் சூட்சுமம். தை, வைகாசி, ஆவணி என்றால் கிரகப்பிரவேசம் நெருக்கும். அப்போது போனால் அவர் முகத்தைக் கூடப் பார்க்க முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் புது வீடு புக மாட்டார்கள், வேலை குறைவாக இருக்கும். அப்போது போய், “மேஸ்திரி, ஞாயிற்றுக்கிழமை அரை நாள் எனக்குச் சொல்லிக் கொடுங்கள், முழு நாள் கூலி தருகிறேன்” என்று கேளுங்கள். நம் பக்கத்தில் நாள் கூலி ஆயிரம் ரூபாயை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். பேரம் பேசாதீர்கள். நீங்கள் வாங்குவது அவருடைய உழைப்பை அல்ல, முப்பது ஆண்டு அனுபவத்தை.

பிளைவுட், மைக்கா வேலை மட்டும் செய்கிறவரிடம் போகாதீர்கள். கதவு நிலை, ஜன்னல், கட்டில் என்று கட்டை மரத்தில் வேலை செய்த மூத்தவராகப் பாருங்கள். இப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆற்காடு, குடியாத்தம் போன்ற ஊர்களின் பழைய தெருக்களில் விசாரித்தால் கிடைப்பார்கள். முதல் நாளே “சார், மிஷின் ஒன்று வாங்கிவிட்டால் இதெல்லாம் எதற்கு?” என்பார். சிரித்துவிட்டு, உளி தீட்டக் கற்றுத் தரச் சொல்லுங்கள்.

6. கருவிகள்

முதல் மாதம் இவ்வளவுதான்: கால், அரை, ஓர் அங்குல உளிகள் மூன்று (900 முதல் 1,500 ரூபாய்), இரும்பு இழைப்புளி ஒன்று (2,000 முதல் 4,000), கை ரம்பம் ஒன்று, முதுகில் பட்டை வைத்த சிறு ரம்பம் ஒன்று (இரண்டும் சேர்ந்து 1,500), செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம் (200 முதல் 500), கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியல், டேப், தீட்டுக்கல். மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் எத்தனை இருந்தாலும் போதாது. ஆறு அங்குல சி கிளாம்ப் நான்கு, மூன்றடி நீளக் கிளாம்ப் இரண்டு என்று தொடங்குங்கள்.

500 ரூபாய் இழைப்புளியை வாங்காதீர்கள். அதன் அடித்தளம் சமமாக இருக்காது. வாங்குமுன் கடையிலேயே மூலைமட்டத்தின் இரும்பு விளிம்பை அடியில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒளி கசிந்தால் திருப்பிக் கொடுங்கள். மூலைமட்டத்தையும் சோதிக்க வேண்டும்: நேரான பலகை விளிம்பில் வைத்து ஒரு கோடு, புரட்டி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாகப் படிந்தால்தான் அது சரியான மட்டம். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

இனி இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி. கடையிலிருந்து வரும் புது உளி கூராக இருக்காது. அதை அப்படியே மரத்தில் வைத்து அடித்துவிட்டு “எனக்கு இது வராது” என்று ஒதுங்கிப் போனவர்கள் பலர். வராதது வேலை அல்ல, கூர்.

முதலில் உளியின் முதுகை, அதாவது சரிவில்லாத பக்கத்தை, கல்லில் வைத்துத் தேய்த்து நுனியிலிருந்து ஓர் அங்குலம் கண்ணாடி போல் ஆக்குங்கள். ஓர் உளிக்கு ஒரு தடவைதான் இந்த வேலை, அரை மணி நேரம் பிடிக்கலாம். பிறகு சரிவுப் பக்கம்: 25 டிகிரியில் தீட்டி, நுனியில் மட்டும் 30 டிகிரிக்கு உயர்த்தி முடியுங்கள். சொரசொரப்பான 400 எண் கல்லில் தொடங்கி, நைசான 1,000 எண் கல்லுக்குப் போங்கள். முதுகுப் பக்கம் விரலால் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும். அது நுனி முழுவதும் தட்டுப்படும்வரை அடுத்த கல்லுக்குப் போகாதீர்கள்.

கடைசியில், நுனியை மெருகேற்றத் தோல். மற்ற ஊர்க்காரர்கள் இதற்கென்று தனியாக ஆர்டர் போட்டு வாங்குகிறார்கள். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்தில் இருக்கும் நமக்கு அந்தச் செலவு எதற்கு? செருப்புத் தைப்பவரிடமோ தோல் துண்டு விற்கும் கடையிலோ அடித்தோல் துண்டு ஒன்று கேளுங்கள். ஷூவின் மேல்பாகத்துக்கான மெத்தென்ற தோல் வேண்டாம். உளி அதில் அமுங்கி நுனி மழுங்கும். கெட்டித் தோலைப் பலகையில் ஒட்டி, உலோகத்துக்கு மெருகேற்றும் சோப்புக் கட்டியைத் தடவி, உளியைப் பின்னோக்கி மட்டும் இழுங்கள். முன்கை மயிர் சிரைபட்டால் கூர் வந்துவிட்டது.

ஒரு மாதம் தீட்டுவதை மட்டும் பழகினாலும் தவறில்லை.

7. மரம் வாங்குவது

மரக்கடையில் கன அடிக் கணக்கு. அகலம் அங்குலத்தில், கனம் அங்குலத்தில், நீளம் அடியில். மூன்றையும் பெருக்கி 144 ஆல் வகுக்க வேண்டும். 6 அங்குல அகலம், 1 அங்குலக் கனம், 8 அடி நீளப் பலகை என்றால் 48 ஐ 144 ஆல் வகுத்து மூன்றில் ஒரு பங்கு கன அடி. கன அடி 3,000 ரூபாய் என்றால் பலகை 1,000 ரூபாய். கடைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பழகுங்கள். சொல்கிற விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா, அறுவைக் கூலி தனியா என்றும் முதலிலேயே கேளுங்கள். ஒரு அங்குலம் என்று கொடுப்பது இழைத்த பிறகு முக்கால் அங்குலம்தான் நிற்கும். அளவு குறிக்கும்போது அதையும் கணக்கில் எடுங்கள்.

பழகுவதற்குத் தேக்கு வேண்டாம். நாட்டுத் தேக்கு தரத்தைப் பொறுத்து கன அடிக்கு 3,000 இலிருந்து 5,000 ரூபாய்க்கு மேலும் போகும். வேம்பு, மா, பைன் ஆகியவை போதும். பூவரசு கிடைத்தால் விடாதீர்கள்; இழைப்பதற்கு இதமான மரம்.

நான் பரிந்துரைப்பது இடித்த வீட்டு மரம். ஐம்பது அறுபது ஆண்டு காய்ந்த உத்திரம், நிலை, ஜன்னல் சட்டம் எல்லாம் புது மரத்தைவிட மலிவாகக் கிடைக்கும், இனி முறுக்கிக்கொள்ளவும் செய்யாது. வாங்கும்போது காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ஆணி இருக்கிறதா என்று முழு நீளமும் தடவுங்கள். விரல் முட்டியால் தட்டினால் டொக்கென்று கேட்கும் இடத்தில் கரையான் குடியிருந்திருக்கும். சுண்ணாம்புக் காரை ஒட்டிய முனையை ரம்பத்தால் வெட்டி எறிந்துவிடுங்கள், இல்லையென்றால் இழைப்புளி போய்விடும். பழைய பெயிண்டை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. பெயிண்டில் ஈயத்தின் அளவுக்குக் கடுமையான வரம்பு வந்தது 2017 இல்தான். அதற்கு முந்தைய கதவுப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். பேரப்பிள்ளைகள் விளையாடும் வீட்டில் அந்தத் தூள் பறக்க வேண்டாம்.

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் பழைய பேக்கிங் பெட்டிகளும் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் முத்திரை பாருங்கள். ‘எச்டி’ (HT) என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். ‘எம்பி’ (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகையிட்டது, தொடாதீர்கள். ரசாயனம் சிந்திய கறை இருந்தால் முத்திரை எதுவாக இருந்தாலும் வேண்டாம்.

புயலில் சாய்ந்த வீட்டு வேம்பை அறுக்க நினைத்தால், மில்லுக்குப் போகும் முன் அதில் எந்தக் காலத்திலாவது ஆணியோ கொக்கியோ அடித்ததா என்று யோசித்துப் பாருங்கள். ஒரு ஆணி அகப்பட்டால் பிளேடுக்கான பணத்தை உங்களிடம்தான் கேட்பார்கள். அறுத்த பலகைகளின் இரு முனைகளிலும் பெயிண்ட் பூசி, இடையிடையே குச்சிகள் வைத்து நிழலில் அடுக்குங்கள். ஒரு அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது பொதுக் கணக்கு. நம் வெயிலில் சீக்கிரம் காயும், ஆனால் அவசரப்பட்டு வெயிலில் போட்டால் வெடிக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் வாங்குவதைத் தவிருங்கள். அப்போது ஈரத்தில் உப்பியிருக்கும் பலகை சித்திரையில் சுருங்கி, நீங்கள் செய்த இணைப்பில் இடைவெளி காட்டும்.

8. என்ன செய்து பழகுவது

முதலில் மணை. ஒரு பலகையும் அடியில் இரண்டு சட்டங்களும்தான். பார்க்க எளிது, ஆனால் மரவேலையின் முக்கியமான பாடம் அதற்குள் இருக்கிறது: மரம் நீளவாட்டில் நகராது, அகலவாட்டில் ஆண்டு முழுவதும் விரிந்து சுருங்கும். மேல் பலகையைச் சட்டத்தோடு முழுக்கப் பசை போட்டு ஒட்டினால் கோடையில் நடுவே பிளக்கும். நடுவில் மட்டும் ஒரு ஸ்குரூவை இறுக்கி, இரு ஓரங்களிலும் ஸ்குரூ நகர நீள்துளை போடுங்கள். எந்தப் பெரிய மேசைக்கும் இதே முறைதான்.

அடுத்து, இரண்டு சட்டங்களைக் கனத்தில் பாதிக்குப் பாதி வெட்டி ஒன்றில் ஒன்று படியவைத்து ஒரு புகைப்படச் சட்டம். பிறகு ஒரு கட்டையில் துளையும், அதில் நுழைய இன்னொன்றின் முனையில் நாக்கும் வைத்து முக்காலி. டிராயர் வைத்த மேசை, கட்டில் எல்லாம் இரண்டாம் ஆண்டுக்கு மேல்.

ஃபெவிகால் போட்டுக் கிளாம்ப் இறுக்கினால், ஒரு நாள் முழுவதும் பாரம் ஏற்றாமல் விடுங்கள். மே மாத மதியத்தில் பசை பூசிய சில நிமிடங்களிலேயே மேலே ஏடு படிந்துவிடும்; அந்த மாதம் ஒட்டும் வேலையைக் காலை ஏழு மணிக்குள் முடியுங்கள், மின்விசிறியை நிறுத்திவிட்டு.

9. மின் கருவி

கையால் ஒரு முக்காலி செய்து முடித்த பிறகு வாங்குங்கள். முதலில் டிரில் (2,500 முதல் 4,000 ரூபாய்), அடுத்து வளைவுகளை அறுக்கும் ஜிக்சா. மேசையில் பொருத்திய வட்ட ரம்பமான டேபிள் சா இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

ஓர் ஆபத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டி அறுப்பதையும், கையில் பிடிக்கும் ஆங்கிள் கிரைண்டரில் பல் வைத்த பிளேடு போடுவதையும் நீங்கள் பல இடங்களில் பார்ப்பீர்கள். தொழில் செய்கிறவர்கள் செய்கிறார்கள் என்பதால் அது பாதுகாப்பு ஆகிவிடாது. கிரைண்டரின் வேகம் மரத்துக்கானது அல்ல. பல் மாட்டிக்கொண்டால் கருவி கையை விட்டுத் துள்ளி உடம்பின் மேலேயே வரும். மேஸ்திரியே கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சுழலும் கருவி முன் வேட்டி, லுங்கி, தோள் துண்டு, கையுறை எதுவும் கூடாது. பேண்ட், அரைக்கைச் சட்டை, மூடிய செருப்பு, கண் பாதுகாப்புக் கண்ணாடி.

10. பாலிஷ்

அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பிரெஞ்சு பாலிஷ் மலிவு, சரிசெய்யவும் எளிது. மழை நாளில் பூசினால் வெண்புகை படிந்தது போல் ஆகிவிடும். தை முதல் பங்குனிவரை நல்ல காலம். ஆளிவிதை எண்ணெய் பூசினால் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும். விரித்துக் கொடியில் காயப்போட்டு, பிறகு குப்பையில் சேருங்கள்.

11. ஓய்வுக்குப் பிறகு விற்பதானால்

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு ஆதாரும் பான் அட்டையும் இருந்தால் அரசு இணையதளத்தில் இலவசமாகவே முடியும். பணம் கேட்கும் தளங்கள் எல்லாம் தனியார் இடைத்தரகர்களுடையவை. தொழிலாக நடத்தத் தொடங்கினால் வீட்டு மின் இணைப்பின் கட்டண வகை பொருந்தாது. மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

விலை வைக்கும்போது மரத்துக்கு ஆனதைப் போல மூன்று மடங்கு என்று தொடங்கிப் பாருங்கள். உறவினர் கேட்டால் கூலியை விட்டுவிடலாம், மரத்தின் விலையை மட்டும் முன்பணமாக வாங்கிவிடுங்கள். சீர்வரிசைக்கு முக்காலி கேட்டவரிடம் கல்யாணப் பந்தியில் வைத்துப் பணம் கேட்க முடியாது.